வாடை தெற்கிலிருந்து வரும் ஊர்

வணக்கம் அக்கா,

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரை பற்றிப் போன வாரம் நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். எனக்கு ஊர் தூத்துக்குடி. அப்பா வள்ளம் வைத்திருந்தவர், முழங்கால் வலி வந்த பிறகு கடலுக்குப் போவதில்லை. நான் துறைமுகம் பக்கம் ஒரு ஷிப்பிங் ஆபீசில் வேலை செய்கிறேன். இங்கே இப்போது தடைக்காலம். ஏப்ரல் 15இல் தொடங்கியது, ஜூன் 14 வரை 61 நாளைக்கு விசைப்படகு கடலுக்குப் போகாது. மேற்கேயிருந்து கச்சான் காற்று அடித்துத் தெருவெல்லாம் மண். அக்னி நட்சத்திரம் இன்னும் முடிந்தபாடில்லை. இந்த வெக்கையில் உட்கார்ந்து, "இலையுதிர் காலத்தின் கடைசி நாட்கள், ஜெர்சியை வெளியே எடுத்தாயிற்று" என்று நீங்கள் எழுதியதைப் படித்தால் பொறாமையாகத்தான் இருக்கிறது.

மூன்று கேள்விகள். முதலாவது, தமிழில் இலையுதிர் காலம் என்று ஒன்று உண்டா? கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்றுதான் நாங்கள் படித்தோம். இந்த மாதம் நமக்கு இளவேனில். டர்பன் படங்களைப் பார்த்தால் எல்லாம் பச்சைப் பசேல் என்று இருக்கிறது. எந்த மரத்து இலை உதிர்கிறது?

இரண்டாவது அப்பா கேட்கச் சொன்னது. சார்டீன் வரப்போகிறது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அது நம் சாளைதானா?

மூன்றாவது, அங்கே தமிழர் யாரும் தமிழ் பேசுவதில்லை என்று ஒரு நண்பன் சொன்னான். அப்படியானால் அங்கே இருந்துகொண்டு தமிழில் எழுதுவது உங்களுக்குத் தனியாக இல்லையா? தப்பாக நினைக்க வேண்டாம்.

அன்புடன்,
தூத்துக்குடி வாசகன்

*

அன்புள்ள தம்பிக்கு,

தப்பாக நினைக்கவில்லை. ஆனால் முதல் கேள்வி என்னை இரண்டு நாளாக விடவில்லை. எழுதும்போது கை தானாக 'இலையுதிர் காலம்' என்று போட்டுவிட்டது. பள்ளியில் வெள்ளைக்காரனின் நான்கு பருவங்களுக்கும் தமிழ்ப் பெயர் மனப்பாடம் செய்தவள் நான். வசந்தம், கோடை, இலையுதிர், குளிர். நாகப்பட்டினத்தில் பிறந்த நான் அதில் கண்ணால் பார்த்தது கோடை ஒன்றைத்தான். மழைக்காலத்துக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. ஐப்பசியில் மூன்று நாள் லீவு விட்டு, முழங்கால் தண்ணீரில் நடந்து போய், மறுநாள் வகுப்பில் "பருவங்கள் நான்கு" என்று எழுதிக்கொண்டிருந்தோம். யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

சரி, டர்பனில் இலை உதிருமா? பெரும்பாலும் உதிராது. இந்தக் கரையோரக் காட்டு மரங்கள் பசுமை மாறாதவை. பழைய இந்திய வீடுகளின் கொல்லையில் நிற்கும் மாமரமும் லிச்சி மரமும் அப்படித்தான். கோயில் வாசலில் கள்ளிமந்தாரை மட்டும் மொட்டையாகும். அப்புறம் என் வீட்டுக் கறிவேப்பிலை. என்னைப் பொறுத்தவரை பருவம் மாறுவது அந்த மரத்தில்தான். மே பிறந்ததும் அடி இலை மஞ்சளாகும், ஜூலையில் குச்சி குச்சியாக நிற்கும். அதனால் இந்த மாதத்தில் எங்கள் தெருவில் பெண்கள் கொத்துக் கொத்தாக ஒடித்து, கழுவி உலர்த்தி, ஃப்ரீஸரில் அடைக்கிற வேலையில் இருப்பார்கள். யார் வீட்டு மரம் ஆகஸ்ட் வரைக்கும் பச்சையாக நிற்கும் என்பது தெரு முழுக்கத் தெரிந்த விஷயம். அந்த வீட்டுக்காரரிடம் யாரும் சண்டை போடுவதில்லை.

என் மரம் ஏன் சீக்கிரம் கொட்டுகிறது என்பதற்கும் ஒரு கதை உண்டு. அதை வீட்டுக்குத் தெற்கே நட்டேன். இங்கே வீடு விற்கிற விளம்பரங்களில் 'வடக்கு பார்த்த வீடு' என்று பெரிதாகப் போடுவார்கள். வந்த புதிதில் அதைப் பார்த்து, பரவாயில்லை, குபேரன் திசை இவர்களுக்கும் தெரிந்திருக்கிறது என்று மகிழ்ந்துபோனேன். விஷயம் வேறு. இந்த ஊர் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 30 பாகையில் இருக்கிறது. மே மாதக் கடைசியில் நடுப்பகலில்கூட சூரியன் வடக்கு வானத்தில் பாதி உயரத்துக்கு ஏறாது. வடக்குச் சுவர்தான் வெயில் காயும். தெற்குச் சுவர் ஆகஸ்ட் வரைக்கும் நிழலிலேயே கிடந்து பாசி பிடிக்கும். அங்கேதான் நான் 1998இல் கன்றை நட்டுத் தண்ணீர் ஊற்றினேன். என் மாமியார் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருபது வருஷம் கழித்துக் கேட்டதற்கு, "நீ இந்தியாவிலிருந்து வந்தவள், மரத்தைப் பற்றி உனக்குத் தெரியும் என்று நினைத்தேன்" என்றார்.

மாதங்கள் இன்னும் வேடிக்கை. பஞ்சாங்கம் எங்களோடு கப்பலில் வந்தது. கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிவந்த முதல் கப்பலான 'ட்ரூரோ' 1860 அக்டோபரில் சென்னையை விட்டு, நவம்பர் 16 அன்று 342 பேருடன் டர்பன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். புரட்டாசிக் கடைசியில், மழை இறங்கப்போகிற நேரத்தில் ஏறியவர்கள், கார்த்திகைத் தொடக்கத்தில் கோடையின் வாசலில் இறங்கினார்கள். அதற்குப் பிறகு 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். மாதத்தின் பெயரை ஒருவரும் மாற்றவில்லை. தைப்பூசக் காவடி இங்கே உச்சக் கோடையில், தார் ரோடு காலைச் சுடுகிற நாளில். பொங்கல் அன்று கரும்பு ஆலைகள் ஓய்வில் இருக்கும், வெட்டு தொடங்குவதே இப்போதுதான். கரும்பு வெட்டக் கூட்டிவரப்பட்டவர்களின் வாரிசுகள் கரும்பு வெட்டு இல்லாத மாதத்தில் அறுவடைத் திருநாள் கொண்டாடுகிறோம். ஈசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் ஜே ஜே என்று கூட்டம் சேர்வது புனித வெள்ளி அன்று! தோட்டத்தில் விடுமுறை கிடைத்த நாளில் அம்மனை வைத்துக்கொண்டார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எந்தப் பஞ்சாங்கத்திலும் அந்தத் திதி கிடையாது.

ஆடிக் கூழைத்தான் எனக்கு ஜீரணிக்க நாளாயிற்று. ஊரில் அது வெக்கைக்கு, உடம்புச் சூட்டுக்கு. இங்கே ஆடி என்பது வருஷத்திலேயே குளிர் அதிகமான மாதம். மக்காச்சோள மாவைப் புளிக்கவைத்துக் காய்ச்சி, வெங்காயமும் மிளகாயும் கடித்துக்கொண்டு, ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டு வரிசையில் நிற்போம். முதல் வருஷம் மாமியாரிடம் கேட்டேன், "இந்தக் குளிரில் அம்மனை எதற்கு இன்னும் குளிர்விக்க வேண்டும்?" அவர் என் கையில் கிண்ணத்தைக் கொடுத்து, "முதல்ல குடி" என்றார்.

இதெல்லாம் பழகிவிட்டது. இன்றுவரை பழகாதது காற்று. உங்கள் கடிதத்தில் 'கச்சான்' என்ற சொல்லைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். உங்கள் அப்பாவுக்குக் காற்றின் பெயர்கள் தண்ணீர்பட்ட பாடாக இருக்கும். நான் கரையில் வளர்ந்தவள், கடலுக்குப் போகாதவள். எனக்குத் தெரிந்தது ஏட்டில் படித்த நான்கு: தெற்கே தென்றல், வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், மேற்கே கோடை. ஆனால் ஏட்டில் படித்ததற்குப் பின்னால் உடம்பும் இருந்தது. மார்கழியில் வாடை உள்ளே வரக்கூடாது என்று ஆச்சி வடக்கு ஜன்னலில் சாக்கு கட்டுவாள். சித்திரையில் தெற்கு ஜன்னலுக்குக் கீழே பாய் விரிப்போம். கதவு ஜன்னல் திறப்பது மூடுவது எல்லாம் இந்தக் கணக்கில்தான்.

டர்பன் வந்த முதல் மே மாதம். ஒருநாள் மத்தியானம் கணவர் ஆபீசிலிருந்து போன் செய்து, "சௌத்வெஸ்டர் வருகிறதாம்" என்றார். எனக்குக் காதில் விழுந்தது தெற்கு என்பது மட்டும். ஆகா, தென்றல் என்று தெற்குப் பக்க ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவைத்து, காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து நிமிஷத்தில் திரைச்சீலை கம்பியோடு கழன்று வந்தது. சுவரில் மாட்டியிருந்த மாமனாரின் படம் கீழே விழுந்து கண்ணாடி உடைந்தது. புது மருமகள், மாமனார் படம். அன்று சாயங்காலம் வீட்டில் நிலவிய அமைதியை உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை.

அதற்கு நேர்மாறாக, வடகிழக்கிலிருந்து வரும் காற்றைக் கண்டு பல மாதம் கதவை மூடிக்கொண்டிருந்தேன். அது பாவம், வெதுவெதுப்பான கடல்மேல் வருகிற சாதுவான காற்று. ஆக, இந்த ஊரில் தென்றல் தெற்கில் இல்லை, வாடை வடக்கில் இல்லை. குளிரும் மழையும் தென்மேற்கில் துருவத்துப் பக்கத்திலிருந்து வருகின்றன. சூரியன் வடக்கே இருப்பதால் சுகமும் வடக்கே.

அகப்பாட்டில் வாடை வீசினால் தலைவன் வீட்டில் இல்லை என்று பொருள். என் வீட்டில் தெற்கத்தி வாடை வீசினால் தலைவர் வீட்டில்தான் இருப்பார். கடல் கலங்கி, தூண்டில் போட முடியாமல், அடுப்படியில் வந்து நின்று, "என்ன சமையல்?" என்று மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

நான்கில் ஒன்று மட்டும் சொன்ன சொல் மாறாமல் இங்கேயும் இருக்கிறது. கோடை. மேற்கிலிருந்து வரும் வறண்ட சுடுகாற்று. இங்கே அதை 'பெர்க் விண்ட்' என்பார்கள். பெர்க் என்றால் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் மலை. உள்நாடு உயர்ந்த பீடபூமி, அதன் விளிம்பில் 3,000 மீட்டருக்கு மேல் டிராகன்ஸ்பெர்க் மலை. இந்த மாதங்களில் சில நாள் அந்த உயரத்திலிருந்து காற்று கடலை நோக்கிச் சரிந்து இறங்கும். இறங்க இறங்க அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் காற்று சூடேறும், 1,000 மீட்டருக்குச் சுமார் 10 டிகிரி வீதம். அதனால் பனிக்காலத்தின் வாசலில், வழக்கமாகப் பகலில் 24, 25 டிகிரி இருக்கிற ஊரில், திடீரென்று ஒருநாள் 30ஐத் தாண்டிவிடும்.

போன செவ்வாய்க்கிழமை அப்படித்தான். காலை ஏழு மணிக்கே முற்றத்தில் அடுப்பைத் திறந்தது போல இருந்தது. உதடு வெடித்தது, தலைமுடி சீப்போடு ஒட்டியது. சாட்ஸ்வொர்த் மேட்டில் எங்கள் தெருவிலிருந்து பார்த்தால் கடல் தெரியும். மற்ற நாளில் மங்கலாகத் தெரியும் கப்பல்களெல்லாம் அன்று எண்ணுகிற மாதிரி பளிச்சென்று நின்றன. மாமியாருக்கு வயது 86. இந்த மேட்டுக்கு விரும்பி வந்தவர் இல்லை. டர்பனிலேயே கேட்டோ மேனர் பகுதியில் பிறந்து வளர்ந்து, வெள்ளையர் ஆட்சியின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தில் வீடு போய், 1960களில் இங்கே கொண்டுவந்து விடப்பட்டவர். அன்று வராந்தாவில் நாற்காலியைத் தெற்குப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "துணி எல்லாம் எடு" என்றார். வெயில் கொளுத்துகிறது, துணி இன்னும் அரைமணியில் காய்ந்துவிடும் என்றேன். பதில் இல்லை.

மூன்று மணி வாக்கில் காற்று நின்றது. ஒரு இலை அசையவில்லை. தெற்கே கடல்மேல் கறுப்பாக ஒரு கோடு. அப்புறம் காதுக்குத்தான் முதலில் தெரிந்தது. தெருக்கோடியில் ஒரு கதவு படார் என்று சாத்தியது. அடுத்து நான்காவது வீட்டுக் கதவு. அடுத்து பக்கத்து வீடு. காற்று எங்கே வருகிறது என்று கதவுகளை எண்ணிச் சொல்லிவிடலாம். எங்கள் கதவு அடித்த நொடியில் புடவை கட்டியிருந்தால் ஜாக்கெட்டோடு ஒட்டிக்கொள்ளும், அப்படி ஒரு குளிர். ஒரு மணி நேரத்துக்குள் வெப்பம் பத்து டிகிரிக்கு மேல் இறங்கியது. என் துவைத்த துணியில் இரண்டு தலையணை உறை இன்னும் எந்த வீட்டில் கிடக்கிறது என்று தெரியவில்லை.

இந்தப் பருவத்துக்கு என்னைப் பெயர் வைக்கச் சொன்னால் நார்ச்சிக் காலம் என்பேன். மே மாதம் பிறந்தால் ஒவ்வொரு ரோபோவிலும் வலைப்பையில் நார்ச்சிப் பழத்தோடு ஒருவர் நிற்பார். ரோபோ என்றதும் இயந்திர மனிதனை நினைக்காதீர்கள், இந்த நாட்டில் டிராஃபிக் சிக்னலுக்கு அதுதான் பெயர். சின்ன லாரிக்குப் பெயர் பக்கி. "அண்ணன் புது பக்கி வாங்கியிருக்கிறார்" என்று ஊருக்குப் போனில் சொல்லி, அம்மாவிடம் விளக்கம் கொடுத்த கதை தனி. அந்தப் பக்கியின் பின்னால் குவித்துவைத்து அவகாடோ விற்பார்கள். வாரிக் சந்திப்பில் உள்ள விடிகாலைச் சந்தையில் சேப்பங்கிழங்கு மண்ணோடு வந்து இறங்கும். இங்கே அதற்கு மதும்பி என்று பெயர், ஜூலு மொழியிலிருந்து வந்தது. 1910இலிருந்து நடக்கும் சந்தை அது. 2009இல் அதை இடித்துவிட்டு வணிக வளாகம் கட்டத் திட்டம் போட்டார்கள். வியாபாரிகள் எதிர்த்து நின்றார்கள், சந்தை பிழைத்தது. கீரைக்கு இங்கே இந்தியர்கள் சொல்வது ஹெர்ப்ஸ். தண்டுக்கீரை ரெட் ஹெர்ப்ஸ்.

நார்ச்சிக்கு வருகிறேன். எளிதாகத் தோல் உரியும் கமலா ஆரஞ்சுதான் அது. கறுப்பர், வெள்ளையர், இந்தியர் எல்லோரும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். நானும் பல வருஷம் அது டச்சுக்காரன் சொல் என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் மகளின் பள்ளி அகராதியில் தற்செயலாகப் பார்த்தால், அது தமிழ்ச் சொல்லிலிருந்து வந்தது என்று போட்டிருக்கிறது. நாரத்தை! டச்சுக்காரர் வாயில் புகுந்து, ஆப்பிரிக்கான்ஸ் ஆகி, வால் முளைத்து, நார்ச்சி. அன்று சாயங்காலம் ஆர்வக்கோளாறில் நான்கு பழத்தை நறுக்கி உப்புப் போட்டு நாரத்தங்காய் ஊறுகாய்க்கு முயற்சி செய்தேன். இனிப்பு ஊறுகாயைச் சாப்பிட வீட்டில் ஆள் இல்லை. இப்போது தோலை மட்டும் ஜன்னலோரம் காயவைத்து ரசத்தில் போடுகிறேன், அது நன்றாக இருக்கிறது.

அப்பாவின் கேள்விக்கு வருவோம். நம் சாளைக்கு உறவுதான், வேறு இனம். எங்கள் நாகையில் மத்தி என்போம். நம் மீன் வெப்பக் கடல் மீன். இது ஆப்பிரிக்காவின் தெற்கு நுனியில் குளிர்ந்த நீரில் வாழ்வது. டர்பன் கரையை ஒட்டி அகுல்ஹாஸ் என்ற வெப்ப நீரோட்டம் தெற்கே ஓடுகிறது, அதனால் இங்கே கடல் வருஷம் முழுக்க வெதுவெதுப்பு. குளிர்காலம் தொடங்கும்போது மட்டும் கரைக்கும் அந்த நீரோட்டத்துக்கும் நடுவே ஒரு குளிர்ந்த நீர்ப்பட்டை தெற்கிலிருந்து நீளும். மீன் கூட்டம் அதற்குள் புகுந்து ஜூன், ஜூலையில் வடகிழக்கே வருகிறது. பின்னாலேயே டால்பின் எனப்படும் ஓங்கில், சுறா, மேலே கடற்பறவை. சில வருஷம் வரவே வராது. 2021இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு சொல்வது, இவை அட்லாண்டிக் பக்கத்துக் குளிருக்குப் பழகிய மீன்கள், குளிர்ப்பட்டையை நம்பி வந்து கடைசியில் வெந்நீரில் மாட்டிக்கொள்கின்றன, இந்தப் பயணத்தால் அவற்றுக்கு லாபம் ஒன்றுமில்லை என்று. இதை இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தவர்களோடு ஒப்பிட்டு ஒருவர் மேடையில் பேசக் கேட்டேன். எனக்குப் பிடிக்கவில்லை. மீன் வேறு, மனுஷர் வேறு.

மீன் கரைக்கு ஒதுங்குகிற நாளில் பார்க்க வேண்டும். இங்கே கரைவலை இழுக்கும் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக இந்தியக் குடும்பங்கள் உண்டு. சுறாவைத் தடுக்கக் கடலில் கட்டியிருக்கும் வலைகளை முன்கூட்டியே எடுத்துவிடுவார்கள், இல்லாவிட்டால் மீனைத் துரத்தி வரும் எல்லாம் அதில் சிக்கும். ஆபீஸ் உடையோடு தண்ணீரில் இறங்கி, புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, சிலர் கைப்பையில்கூட அள்ளுவார்கள். பெட்டி விலை காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. முதல் வலை மீனை வாங்குகிறவர் அவசரக்காரர் என்பது என் கணவரின் கருத்து. மாமியார் முதல் வலை மீன்தான் வேண்டும் என்பார். புளி கரைத்து, மாங்காய் போட்டு, மண்சட்டியில் வைத்து, மறுநாள்தான் தொடவிடுவார்.

மாமியாரைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவது எளிதல்ல. 1989 வரை இந்த ஊரின் கடற்கரை இனவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. நகரத்தின் நடுவே உள்ள நல்ல மணல் வெள்ளையருக்கு என்று மூன்று மொழியில் பலகை நட்டிருந்தார்கள். அவர் அந்த மணலில் முதன்முதலாகக் கால் வைத்தபோது வயது ஐம்பது. அன்று என்ன செய்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தேன்" என்றார். வேறு ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. இப்போது அங்கே அம்கேனி ஆற்று முகத்திலிருந்து துறைமுக வாய் வரை எட்டு கிலோமீட்டருக்கு நடைபாதை போட்டிருக்கிறார்கள். இந்த மாதம் ஐந்து மணி தாண்டினால் இருட்டு, அதனால் நான்கு மணிக்கே நடக்க வருகிற கூட்டம் சேர்ந்துவிடும். மாமியார் காரை விட்டு இறங்க மாட்டார், கண்ணாடியை இறக்கிவிட்டுக் கடலைப் பார்ப்பார், அரைமணியில் போகலாம் என்பார்.

மூன்றாவது கேள்விக்கு நீளமாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. உங்கள் நண்பர் சொன்னது பாதி சரி. இந்த நாட்டின் 1996 அரசியல் சாசனத்தில், வளர்த்து மதிக்க வேண்டிய மொழிகள் என்று சொல்லும் இடத்தில் தமிழின் பெயர் இருக்கிறது. என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஆங்கிலம்தான். மாமியாருக்குத் திட்டுவதும் கும்பிடுவதும் சமைப்பதும் தமிழ், மற்றதெல்லாம் ஆங்கிலம். அவர் தமிழில் "துணி எல்லாம் எடு" என்று சொன்னால் காற்று வருகிறது என்று வீட்டில் பேரப்பிள்ளைகள் உட்பட எல்லோருக்கும் புரியும். தனியாக இருக்கிறதா என்றால், சில சாயங்காலம் இருக்கிறது. அந்த நேரத்தில்தான் உங்களைப் போன்றவர்களின் கடிதத்துக்குப் பதில் எழுத உட்காருவேன்.

கடைசியாக அப்பாவிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். எனக்கு நிஜமாகவே ஒரு சொல் தேவைப்படுகிறது. தெற்கிலிருந்து வரும் காற்றைச் சோழகம் என்று உங்கள் பக்கம் சொல்வார்கள் என்று கேள்வி. அது இதமான காற்றா, கெடுதல் செய்வதா? தெற்கேயிருந்து குளிரைச் சுமந்துகொண்டு, கதவை அறைந்து, ஒரே மணி நேரத்தில் பருவத்தை மாற்றிவிடுகிற காற்றுக்குக் கடலுக்குப் போனவர்கள் வைத்த பெயர் ஏதாவது இருக்கிறதா? அதை வாடை என்று எழுதினால் திசை தப்பு, தென்றல் என்று எழுதினால் பொய். மாமியாரிடம் கேட்டுப் பார்த்தேன். அவர் அதற்கு வைத்திருக்கும் பெயர் "அது வருது" என்பதுதான்.

அன்புடன்,
உங்கள் அக்கா
டர்பன்